மாடித் தக்காளி ஏன் இனித்தது

ஒரே விதைப் பாக்கெட்டை இரண்டாகப் பிரித்து விதைத்தேன். பாதி, சிதம்பரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு மொட்டை மாடியில். மீதி, கடலூரில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் எங்கள் வீட்டு மாடியில். செர்ரி தக்காளி. கோலிக்குண்டு அளவில் கொத்துக்கொத்தாகக் காய்ப்பது, குழம்புக்கு ஆகாது, பறித்த கையோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டியது.

இரண்டு மாடியிலும் செடி வளர்க்க ஒரே மாதிரி க்ரோ பேக் பைகள். ஒரே அளவில் செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம். எதையும் வரிசைப்படுத்தாமல் தொடங்க எனக்கு வராது. வேலையும் அதற்கேற்ற வேலைதான். சிதம்பரத்தில் ஒரு தனியார் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். பழச்சாறு, ஜாம், வெல்லப்பாகு என்று வருகிறவற்றில் இனிப்பு எவ்வளவு என்று அளப்பது என் மேசையின் வேலை.

சிதம்பரத்துச் செடிகள் என் உயரத்துக்கு வளர்ந்தன. இலை தளதளவென்று இருந்தது. பழமும் பெரிதாகவே வந்தது. கடித்தால் தண்ணீர். கடலூர்ச் செடிகள் இடுப்பைத் தாண்டவில்லை. இலை ஓரங்கள் கருகிச் சுருண்டிருந்தன, பழம் சின்னது, தோல் தடிப்பு. செடி பிழைக்காது என்றுதான் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனபோது ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தவள், அப்படியே நின்றுவிட்டேன். திராட்சை போல இனித்தது. இன்னொன்றைப் பறித்தேன். அதுவும் அப்படியே.

"எப்படிப்பா?" என்று கீழே வந்து கேட்டேன்.

அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எல்லாம் நம்ம தண்ணி பாப்பா."

அப்பா எதற்கும் தண்ணீரைத்தான் காரணம் சொல்வார். அவர் வீடு கட்டும்போது போர் போட்ட இடத்தில் நல்ல தண்ணீர் கிடைத்தது. எங்கள் தெரு கடலுக்குப் பக்கம், சுற்றிலும் எல்லார் வீட்டிலும் உவர். அப்பா அன்றே காம்பவுண்டுச் சுவரைத் துளைத்து, வெளிப்பக்கம் ஒரு குழாய் வைத்தார். யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. நான் பள்ளிக்கூடம் போகும்போது கேட்டைத் திறந்தால் குடங்களின் வரிசையைத் தாண்டித்தான் போவேன். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். கேன் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. வடிகட்டும் மெஷின் விற்க வந்தவரை அப்பா உட்காரவைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஒரு கோடையில் தண்ணீர் கீழே இறங்கியது. குழாயை இன்னும் ஆழமாக இறக்கி, புது மோட்டார் போட்டார்கள். தண்ணீர் மறுபடி கொட்டியது. அதற்கடுத்த சில வருடங்களில் வெளிக் குழாயில் குடங்கள் குறைந்துகொண்டே வந்தன.

"எல்லாருக்கும் காசு ஜாஸ்தி ஆயிடுச்சி. கேனு வாங்குறாங்க" என்பார் அப்பா.

எதிர்வீட்டு அக்கா மட்டும் தினமும் சாயங்காலம் ஒரு குடத்தோடு வருவார். தேவனாம்பட்டினத்தில் பிறந்தவர், கணவர் கடலுக்குப் போகிறவர். "எனக்கு மாமா வீட்டுத் தண்ணிதான்" என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போவார். அதில் அப்பாவுக்கு ஒரு வாரத்துக்கான சந்தோஷம் இருந்தது.

தக்காளி காய்க்கத் தொடங்கிய மாதத்தில் எங்களுக்கு வேறொரு கவலை இருந்தது. அப்பாவின் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு மூன்றானது. கடைசியாகப் போனபோது டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைத் தட்டிக் காட்டினார்.

"கிட்னி லேசா வேலையக் காட்ட ஆரம்பிக்குது. இப்படியே போனா நல்லதுக்கில்ல. மறைக்காம சொல்லுங்க. ஊறுகாயா, கருவாடா, மிக்சரா?"

"சார், எதுவும் தொடறதில்ல சார்."

"கைய கொறச்சிக்கிட்டே வர்றேன் சார்" என்றாள் அம்மா. "முன்ன போட்ட உப்புல கால்வாசிகூட இப்ப போடறதில்ல."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவின் சட்டைப் பைகளைத் துழாவினாள்.

"இது என்னா?"

"வறுத்த கடல. உப்பு போடாததுடி."

"டீக்கடைக்குப் போயி எனக்குத் தெரியாம என்னா தின்றீங்க? உண்மையச் சொல்லுங்க. அந்த ஆளு என்னப் பொய்க்காரி மாதிரி பாக்குறாரு."

"உன் தலைல அடிச்சி சத்தியம் பண்ணட்டுமா?"

"என் தலை எதுக்கு? உங்க தலைல அடிச்சிக்குங்க. அதுக்குத்தான் பிரஷரு."

சிரித்தோம். ஆனால் அன்றைக்குப் பிறகு அம்மா அவரைத் தனியாகக் கடைப்பக்கம் விடுவதில்லை. அப்பா வாக்கிங் போனால் பத்தடி பின்னால் அவளும் போனாள். அவர் உண்மையைச் சொல்கிறாரா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. சாம்பாரை நானே ருசி பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. கால்வாசி உப்புப் போட்ட சாம்பார் எப்படிச் சரியாக இருக்கும் என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியதெல்லாம் தக்காளியைப் பற்றித்தான். அப்பா சொன்னது தவறென்று நிரூபிக்க வேண்டும். விதை ஒன்று, மண் ஒன்று, பை ஒன்று. மிச்சம் இருப்பவை வெயில், உரம், தண்ணீர். வெயில் இரண்டு மாடியிலும் ஏறத்தாழ ஒரே அளவு. உரத்தில் ஒரு வித்தியாசம் இருந்தது. எதிர்வீட்டு அக்கா மீன் செதிலையும் குடலையும் கொண்டுவந்து எங்கள் மாடிச் செடிகளுக்குப் புதைத்துவிட்டுப் போவார்.

"அதான் பாப்பா சத்து. உங்கப்பா தண்ணி தண்ணின்னு சொல்லட்டும், நீ மீன நம்பு" என்று சொல்லி எனக்கும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அதைச் சிதம்பரத்தில் புதைத்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா படியேறி வந்தார்.

"ஏம்மா, மாடியில என்னா வெச்சிருக்க? ஊருல இருக்குற பூனையெல்லாம் நம்ம வீட்டு மேலதான் மாநாடு போடுது."

செடிகள் இன்னும் உயரமாக வளர்ந்தன. பழம் இனிக்கவில்லை.

அதனால் தண்ணீர். ஒவ்வொரு ஞாயிறும் கடலூரிலிருந்து ஒரு கேனில் எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய், சிதம்பரத்தில் இரண்டு செடிகளுக்கு மட்டும் அதை ஊற்றுவது என்று முடிவு செய்தேன். மற்றவற்றுக்கு வழக்கமான நகராட்சித் தண்ணீர். கடலூரில் கேனோடு பஸ் ஏறினால் என்ன ஆகும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். பாண்டி பக்கத்தில்தான் இருக்கிறது.

கண்டக்டர் காலால் கேனைத் தட்டினார். "என்னா சரக்கு?"

"தண்ணிண்ணா."

"எல்லாரும் தண்ணின்னுதான் சொல்றாங்க. எந்தத் தண்ணி?"

மூடியைத் திறந்து காட்டினேன். மோந்து பார்த்தார். பின் சீட்டில் இருந்தவரும் எழுந்து வந்து, யாரும் அழைக்காமலே மோந்து பார்த்தார். "சிதம்பரத்துல தண்ணி இல்லியா மா?" என்று கண்டக்டர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

"செடிக்குண்ணா. தக்காளிக்கு."

அதற்குப் பிறகு அவர் என்னை எதுவும் கேட்கவில்லை.

அந்த இரண்டு செடிகளும் மெல்லச் சோர்ந்தன. இலை ஓரம் கருகியது. புதிதாக வந்த காய்கள் சின்னதாகவே நின்று பழுத்தன. ஒன்றைக் கடித்தேன். இனிப்பு. வேலைக்கு எடுத்துப்போய்ச் சாறு பிழிந்து கருவியில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். பக்கத்துச் செடியின் பழத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காட்டியது. அப்பா சொன்னது சரி. தோற்றுப்போனதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. எங்கள் தண்ணீரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதை அப்பாவிடம் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று அடுத்த முறை கேனையே எடுத்துப்போனேன். தண்ணீர் மேசையில் இருக்கும் தோழியிடம் ஒரு குவளை கொடுத்தேன். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் மீட்டரின் முனையை அவள் முக்கினாள். எண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னாடி இது? தேவனாம்பட்டினத்துல அலையில மொண்டுகிட்டு வந்தியா?"

"இல்ல, எங்க வீட்டு போர்."

"கேன் என்ன கேனு? உப்புக்கண்டம் போட்டு வெச்சிருந்தியா?"

கேன் புதிது. வேறு குவளையைக் கழுவி, மறுபடி ஊற்றினேன். அதே எண். முனையைக் கழுவித் துடைத்து, நானே முக்கிப் பார்த்தேன். குடிக்கிற தண்ணீரில் இருக்கலாம் என்று நாங்கள் வழக்கமாகப் பார்க்கிற அளவைப் போலப் பல மடங்கு. அவள் தனியாக உப்பைச் சோதித்தாள். பெரும்பகுதி சமையல் உப்புதான்.

"செடிக்குத்தானே ஊத்துற? உப்புத் தண்ணி ஊத்துனா செடியால தண்ணி உறிஞ்ச முடியாது. பழத்துல சாறு கம்மியாயிடும், இனிப்பு கெட்டியா நிக்கும். அதான் இனிக்குது. நல்ல ஐடியாதான்."

"குடிக்கிறோம்" என்றேன்.

"யாரு?"

"அம்மா. அப்பா."

'அப்பா' என்ற சொல் வாயைவிட்டு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எனக்குக் கத்தவோ அழவோ வரவில்லை. கையுறையைக் கழற்றினேன். மேசையைத் துடைத்தேன். குவளையைக் கவிழ்த்து வைத்தேன். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். அந்த நேரம் முழுக்க, எங்கள் வீட்டில் நான் பார்த்தவையெல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. சோப்பு நுரைக்காதது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பூத்திருப்பது. துவரம்பருப்பு வேக அம்மா இரண்டு விசில் கூடுதலாக விடுவது. ஷவர் அடைத்துக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் காரணம் வைத்திருந்தோம். சோப்புக் கம்பெனி சரியில்லை, பருப்பு பழசு, ஷவர் மட்டம்.

நானும் அங்கே போகும்போதெல்லாம் தண்ணீர் குடித்திருக்கிறேன். அம்மா பச்சைத் தண்ணீர் தரவே மாட்டாள். சீரகமும் ஓமமும் போட்டுக் கொதிக்கவைத்துத்தான் தருவாள். சீரக வாசனையில் வேறெதுவும் தெரியாது. கொதிக்கவைத்தால் உப்பு போகாது, தண்ணீர்தான் ஆவியாகும்.

போன் செய்தேன். "அம்மா, தண்ணி குடிக்காதீங்க. அப்பாவுக்கும் குடுக்காதீங்க. கேனு வாங்கி வைங்க."

"ஏன்டி, டேங்க்ல பல்லி கில்லி விழுந்துடிச்சா?"

"வந்து சொல்றேன்."

"இப்பதான் ஒரு சொம்பு குடிச்சாரு. மாத்திர போட்டுக்கிட்டு."

ஒன்றரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன். மாத்திரையை அந்தத் தண்ணீரோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தார் என்பதையே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பா முழுவதையும் கேட்டார். கடைசியில், "மெஷினு தப்பா காட்டும்" என்றார்.

"மூணு தடவ பாத்தேன்பா."

"அப்ப மூணு தடவ தப்பா காட்டிருக்கும்."

வாக்குவாதம் செய்ய எனக்கு விருப்பமில்லை. இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றில் நான் கொண்டுவந்த சிதம்பரம் தண்ணீர், இன்னொன்றில் எங்கள் குழாயிலிருந்து அப்படியே பிடித்தது, சீரகம் இல்லாமல். முதலில் நான் குடித்துப் பார்த்தேன். எங்கள் தண்ணீர் நாக்கின் ஓரங்களைப் பிடித்து இழுத்தது. கண்ணீரின் ருசி அப்பட்டமாக இருந்தது. இதற்குமேல் எதையும் விளக்க வேண்டியதில்லை என்று நினைத்து அப்பாவிடம் நீட்டினேன்.

சிதம்பரம் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார். "சப்புன்னு இருக்கு." எங்கள் தண்ணீரை எடுத்து முழு டம்ளரையும் குடித்து முடித்தார். "இதான் தண்ணி."

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அம்மாவும் இரண்டையும் குடித்துப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணாத்தான்டி இருக்கு. இது கொஞ்சம் வெறுமனா இருக்கு" என்றாள். எண்ணைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. இரண்டு பேர் நாக்கிலும் உப்பே தெரியவில்லை.

வெளியே குடம் வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா. அப்பா எழுந்து போனார். நானும் பின்னால் போனேன்.

"ஏம்மா, நீ சொல்லு. நம்ம தண்ணி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

"பாப்பா உப்புங்கிறா."

அக்கா என்னைப் பார்த்தார். குழாயை மூடினார். குடத்தில் பாதிதான் நிரம்பியிருந்தது.

"குடிக்கிறியா இத?" என்றார் அப்பா.

அக்கா குடத்தின் விளிம்பை முந்தானையால் துடைத்தார்.

"அப்பாவுக்கு பிரஷர் எறங்கவே இல்லக்கா. டாக்டரு கிட்னின்னு சொல்றாரு. உள்ளதச் சொல்லுங்க" என்றேன்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, எனக்கு அது தெரியாதே பாப்பா." பிறகு அப்பாவிடம், தலையைக் குனிந்தபடி சொன்னார். "மூணு வருசம் ஆவுது மாமா, கரிக்க ஆரம்பிச்சி. மீனு கழுவத்தான் புடிக்கிறேன். குடிக்கிறதுக்குக் கேனுதான்."

"அப்பறம் ஏம்மா தெனமும் வர?"

"எல்லாரும் நின்னுட்டாங்க. நானும் வரலன்னா நீங்க கேப்பீங்க. கேட்டா சொல்லணும். எங்க புள்ளைங்க வளந்தது இந்தத் தண்ணியில. ஓசியில குடிச்சிட்டு, அதப்போயி உப்புன்னு எந்த வாயால சொல்றது? நீங்க வீட்டுக்குள்ள மெஷினு வெச்சிருப்பீங்கன்னு நெனச்சோம் மாமா. தெருவே அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருக்கு."

தெருவே. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மரியாதைக்காகச் சும்மா இருந்திருக்கிறார்கள். ஒருத்தர் முகம் சுளித்திருந்தால்கூடப் போதும். நான் அக்காவைத் திட்டவும் முடியாமல், நன்றி சொல்லவும் முடியாமல் நின்றேன். அப்பா அந்தப் பாதிக் குடத்தைப் பார்த்தார். குனிந்து குழாயைத் திறந்து, குடம் நிரம்பும்வரை பிடித்து, அக்காவின் இடுப்பில் ஏற்றிவிட்டார்.

"மீனுக்குத்தான்" என்றார்.

"மீனுக்குத்தான் மாமா" என்று அக்கா அழுதுகொண்டே போனார்.

மறுநாள் எங்கள் வீட்டுக்கு முதல் முறையாகக் கேன் வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் நின்று வீட்டை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அம்மா அந்தத் தண்ணீரில் சோறு வடித்தாள், முருங்கைக்காய் சாம்பார் வைத்தாள். வழக்கம்போல, பேசிக்கொண்டே, பார்க்காமலேயே உப்பு ஜாடியில் கையை விட்டாள். அவள் ருசி பார்த்து உப்புப் போட்டு நான் கண்டதில்லை. கை தானாக எடுக்கும், சரியாக இருக்கும்.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதல் வாய் வைத்தேன். மண்ணைத் தின்பதுபோல் இருந்தது. நிமிர்ந்தேன். அப்பா மெல்லுவதை நிறுத்தியிருந்தார். அம்மா கரண்டியில் சாம்பாரை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள். மறுபடியும் நக்கினாள்.

"போட்டனே" என்றாள். "நான் போட்டனே."

எழுந்து ஜாடியை எடுத்துவந்து, எங்கள் எதிரிலேயே அவள் வழக்கமாக எடுப்பதைப் போல எடுத்துக் காட்டினாள். மூன்று விரல் நுனியில் ஒரு சிட்டிகை. மூன்று பேருக்கு வைக்கும் சாம்பாருக்கு அது காணவே காணாது. டாக்டர் சொன்னதற்காகத்தான் குறைக்கிறோம் என்று அவள் நினைத்திருந்தாள். தண்ணீரில் உப்பு ஏற ஏற, அவளுக்கே தெரியாமல் அவள் கை இறங்கிக்கொண்டு வந்திருந்தது. அம்மா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடைய கையோ போல.

"அந்த டாக்டரு கிட்ட நான் பொய் சொல்லலடி."

"இல்லம்மா."

"இவரையும் நான் கடலத் தோலுக்கெல்லாம் திட்டுனனே."

அவள் ஜாடியைச் சாம்பாரின் மேல் சாய்க்கப் போனாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம் விடு. இப்படியே இருக்கட்டும்." சோற்றைப் பிசைந்தார். சாப்பிடச் சாப்பிட அவர் முகம் கசங்கியது, ஆனால் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. நாங்களும் வைக்கவில்லை. மாடியிலிருந்து ஒரு கைப்பிடி தக்காளி பறித்துவந்து வைத்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் ருசியாக இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். அவர் அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, முள்ளைப் பார்த்தார். காற்றை விட்டுவிட்டு மறுபடி அடித்தார். மற்றொரு கையிலும் பார்த்தார். மாத்திரையைக் குறைக்க இன்னும் நாளாகும், கிட்னிக்கு இன்னொரு பரிசோதனை வேண்டும் என்று சொன்னார். ஆனால் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.

"எறங்கியிருக்கே! என்னா நிறுத்துனீங்க? இப்பவாவது சொல்லுங்க, கருவாடுதானே?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, 'நீங்களே சொல்லுங்க' என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணும் நிறுத்தல சார். மாடியில தக்காளி போட்டோம்" என்றார் அப்பா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் விதைப் பாக்கெட்டிலிருந்து ஆரம்பித்தேன்.